ஸ்டோர்ஸ் அக்கா எழுந்திருக்கவில்லை

கதவுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைப் பற்றி அங்கே எல்லாரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்று: அவர் எழுந்திருக்க மாட்டார். காலை ஒன்பதுக்கு உட்காருவார். மத்தியானம் சாப்பிட எழுவார். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் மறுபடி எழுவார். நடுவில் தீப்பிடித்தால் எழுவாரா மாட்டாரா என்று ஒருமுறை பந்தயம் கட்டினார்கள். தீப்பிடிக்காததால் பந்தயம் இன்னும் முடியாமல் கிடக்கிறது.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவருக்கு ஓட்டக்காரர் என்று பெயர். ஜன்னலில் ஒருவர் வந்து "திருகாணி" என்றால் வலது கோடிக்கு ஓடுவார். "உப்புத்தாள்" என்றால் இடது கோடிக்கு ஓடுவார். "ரெண்டுலயும் கொஞ்சம்" என்றால் நடுவில் நின்று ஒரு கணம் தத்தளித்துவிட்டு இரண்டு பக்கமும் ஓடுவார். ஜன்னலுக்கு வெளியே எந்நேரமும் பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். "மனுஷன் எப்படி உழைக்கிறார் பாரு!" என்று வியப்பார்கள். வியந்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். அவர் ஓய்வு பெற்றபோது முதலாளி கண் கலங்கிக் கேடயம் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளவும் அவர் ஓடித்தான் வந்தார்.

அக்காவும் முதல் மாதம் நடந்தார். ஆனால் நடந்துகொண்டே எண்ணினார். ஸ்டோர்ஸில் நானூற்றுப் பன்னிரண்டு வகைச் சாமான்கள் இருந்தன. அவற்றில் தினமும் கேட்டு வருவது முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை போல அறையின் முப்பத்தொரு மூலைகளில் இருந்தன.

இரண்டாம் மாதம் அக்கா, கிறீச்சிடுகிறது என்று மேனேஜர் அறையிலிருந்து தூக்கிப்போட்ட சுழல் நாற்காலி ஒன்றை எடுத்துவந்து எண்ணெய் விட்டார். அதை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தொரு சாமான்களையும் தன்னைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கினார். மற்றவற்றை எடுக்க எட்டடிக் கம்பு ஒன்றின் நுனியில் கொக்கி மாட்டிக்கொண்டார். மழைநீர் இறங்கும் பழைய தகரக் குழாயை நீளவாக்கில் வெட்டி, அலமாரியிலிருந்து ஜன்னல் பலகை வரைக்கும் சரிவாகக் கட்டினார். பொட்டலத்தை மேலே வைத்து விட்டால் சர்ரென்று கீழே வந்து, கேட்டவர் கையில் விழும்.

அதோடு நிற்கவில்லை. எவர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எதற்கு வருகிறார் என்று பதிவேட்டில் எழுதி வந்தார். ஆறே மாதத்தில் மனிதர்கள் எல்லாரும் பல்சக்கரம் போலத்தான் சுற்றுகிறார்கள் என்று புரிந்துபோனது. முதல்நாள் சாயங்காலமே மறுநாள் பொட்டலங்களைக் கட்டி வைத்துவிடுவார். மூத்த தச்சர் ஜன்னலுக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் திருகாணிப் பொட்டலம் மூக்கருகே வந்து நிற்கும்.

"எப்படிக்கா?" என்பார்.

"கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டா கேள்வி மிச்சம்" என்பார் அக்கா.

இதில் உச்சம் சோதனைக்காரர்தான். ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு நேரெதிரே, நடைவழியில், சோதனைக் கதவு ஒன்று நிற்கிறது. கம்பெனியின் கீல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காக ஒரு மோட்டார் கை அந்தக் கதவை இரவும் பகலும், லீவு நாளிலும், நாலு விநாடிக்கு ஒருமுறை திறந்து மூடிக்கொண்டே இருக்கும். டடக். டப். டடக். டப். பதினாலு நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு கீழ்க் கீல் உயிரை விடும். சோதனைக்காரர் ஜன்னலுக்கு வருவார். புதுக் கீல் தயாராக இருக்கும். இப்படிக் கேட்கவே வேண்டியிராததால் அந்த மனிதர் பேசுவதையே விட்டு எட்டு வருஷமாகிறது.

ஜன்னலில் வரிசை ஒழிந்தது. அதோடு அக்காவின் நல்ல பெயரும் ஒழிந்தது. வரிசை இருந்தால்தானே வேலை கண்ணுக்குத் தெரியும்? "ஸ்டோர்ஸ்ல வேலையே இல்ல போலிருக்கு, அந்தம்மா உக்காந்தே இருக்காங்க" என்று முதலாளி வருஷத்துக்கு இரண்டு முறை சொல்வார். அக்கா பொருட்படுத்த மாட்டார். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். இடது முட்டி பழைய கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. நாற்காலி இருக்கும் வரைக்கும் நாலு வருஷம் ஓடிவிடும் என்று இருந்தார்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கொடுத்த வாக்கை மாற்றாதவர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடிகாரம் ஓடாமல் நின்றதைக் கவனிக்காமல் "மணி பன்னிரண்டு ஐம்பது, எல்லாரும் சாப்பிடப் போங்க" என்று பத்தரைக்குச் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான் என்று அன்றைக்குப் பத்தரைக்கே எல்லாரும் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை சாப்பாட்டு வேளை பன்னிரண்டு ஐம்பது. ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனார். திரும்பும்போது ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார்.

ஆலோசகர் ஒல்லியானவர். நின்றுகொண்டே டீ குடித்தார். முற்றத்தில் எல்லாரையும் கூட்டி மைக்கைப் பிடித்தார். "இனிமே யாரும் கஷ்டப்பட்டு வேலை செய்யக் கூடாது. புத்தியோட வேலை செய்யணும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்டோர்ஸில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குக்கூட, பரவாயில்லையே, விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று தோன்றியது.

"புத்தின்னா என்ன? அளக்கறது. எதை அளக்கறது? அசைவை! இருந்த இடத்துல இருந்தா அது ஓய்வு. நகர்ந்தா அது உழைப்பு. இனிமே ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பட்டை. நீங்க நடக்கற ஒவ்வொரு அடியையும் அது எண்ணும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி!"

மூத்த தச்சர் கையைத் தூக்கினார். "பசை காயற வரைக்கும் பலகைகிட்டயே நிக்கணுமே சார்?"

"நிக்காதீங்க. சுத்தி வாங்க."

"நான் சுத்தினா பசை சீக்கிரம் காயுமா சார்?"

"உங்க மனசு காயாம இருக்கும்."

மூத்த தச்சர் கையை இறக்கிக்கொண்டார். பக்கத்திலிருந்தவரிடம், "நிலத்தை அளக்க ஆள் வந்து பார்த்திருக்கேன். அடியை அளக்க இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். அன்று மத்தியானத்துக்குள் ஆலோசகருக்கு அடியளந்தார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பாரபட்சம் கூடாது என்பதற்காகப் பட்டைகளில் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான். அறுபது பட்டைகளையும் ஸ்டோர்ஸ் வழியாகவே கொடுத்தார்கள். எந்த நம்பர் யாரிடம் என்கிற பதிவேடு அக்காவிடம் இருந்தது. பதினேழை அவரே எடுத்துக்கொண்டார்.

அடுத்த உத்தரவு நாற்காலிகளைப் பற்றியது. "நாற்காலிதான் உழைப்பின் எதிரி" என்று அடியளந்தார் சொல்லி, முதல் ஆளாகத் தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து ஸ்டோர்ஸில் ஒப்படைத்தார். பின்னாலேயே எல்லாருடையதும் வந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று. மாதக் கடைசியில் லாரி வந்து ஏற்றிப்போகும் வரை அவை ஸ்டோர்ஸில் இருக்க வேண்டும். நாற்பத்து மூன்றாவதாக அக்கா தன் சுழல் நாற்காலியையும் வரவு எழுதினார். அது ஏற்கெனவே ஸ்டோர்ஸில்தான் இருந்தது, நகர்த்த வேண்டிய அவசியமில்லை. அதன்மேல் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். தொழிற்சாலை பூராவும் உட்கார இடமில்லாமல் தவிக்க, ஸ்டோர்ஸில் கால் வைக்க இடமில்லாமல் நாற்காலிகள் நின்றன.

மறுநாள் அடியளந்தார் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது அக்கா வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"இருப்பு சரிபார்க்கறேங்க."

முதல் வார அறிக்கை நோட்டீஸ் பலகையில் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பில் ஒரே ஒரு நம்பர்: பதினேழு. வாரம் முழுவதும் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. பக்கத்தில் அடியளந்தார் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'உயிருடன் இருக்கிறாரா என உறுதி செய்க.' அதற்குக் கீழே விதி: மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு என்றால் பதிவேடு திறக்கப்படும். ஆள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

மற்றவர்கள் பச்சையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. மூத்த தச்சர் எட்டுத் திருகாணி வேண்டுமென்றால் எட்டு முறை வந்தார். குமாஸ்தா பத்துப் பக்கக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாட்ச்மேன் கேட்டைக் காப்பதை விட்டுவிட்டுக் கேட்டைச் சுற்றிவந்தார். உற்பத்தி மேனேஜர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டதில், நாலாம் நாள் பாதம் கொப்புளித்து மருத்துவ லீவில் போனார். தினம் அறுபது கதவு செய்த இடத்தில் முப்பத்தெட்டு ஆனது.

"கதவு குறையுதே?" என்றார் முதலாளி.

"அடி ஏறுது பாருங்க சார்" என்றார் அடியளந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு, தண்ணீர், டப்பாக்கள் எல்லாம் ஒரே சுற்றில் கைக்கு வரும்படி அவர் அமைத்த அடுப்படி அது. கணவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பத்தாறு வருஷம் தெருத்தெருவாக நடந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் பழைய தெருக்களை ஒரு சுற்று வெறுங்கையோடு நடந்துவிட்டு வருவார்.

"பத்தாயிரம் அடிதானே? பட்டையை என்கிட்ட குடு. விடியறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

"பட்டை கேட்டைத் தாண்டக் கூடாதாம்."

"அப்ப நானே உள்ள வந்து நடக்கறேன்."

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா?"

"தபால்னு சொல்லுவேன். முப்பத்தாறு வருஷத்துல அதுக்கு மேல எவனும் கேட்டதில்ல."

அக்கா சிரித்தார். "நீங்க நடந்த நடைக்கு நிலாவுக்கே போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். போய் உனக்கு லெட்டர் போட்டா யாரு கொண்டுவந்து குடுப்பா?" என்றவர், அக்கா முட்டியைத் தேய்ப்பதைப் பார்த்துக் குரலை இறக்கினார். "லெட்டரே இல்லாத நாள்லயும் சில நாள் நடக்கச் சொல்லியிருக்காங்க. பை காலி. அன்னிக்குத்தான் எனக்குக் கால் வலிக்கும்."

அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. நடக்க முடியாதவர் அல்ல அவர். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறார், சந்தைக்கு நடக்கிறார். ஆனால் இருபத்திரண்டு வருஷம் யோசித்து யோசித்து அழித்த நடை அது. அதை மறுபடி உயிர்ப்பிப்பது பழைய வரிசையை ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான். லாரி வந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு போகும். பின்னாலேயே தானும் ஏறிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை 'இருப்பு சரிபார்த்து'க்கொண்டிருந்தபோது எதிரே அந்தச் சத்தம் கேட்டது. டடக். டப். எட்டு வருஷமாகக் காதில் விழுந்த சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். கையிலிருந்து பட்டையைக் கழற்றினார். கம்பின் கொக்கியில் மாட்டினார். ஜன்னல் வழியாகக் கம்பை நீட்டி, கதவு இந்தப் பக்கம் வரும் நேரம் பார்த்து, கைப்பிடியில் பட்டையை விட்டார். எழுந்திருக்கவில்லை.

திறந்தால் ஓர் அடி, மூடினால் ஓர் அடி. மத்தியானம் மூன்றுக்கெல்லாம் பத்தாயிரம் தாண்டியது. கம்பாலேயே திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டாம் வார அறிக்கையில் பதினேழாம் நம்பர் பச்சைக்கு வந்தது. 'நம்பிக்கை தரும் முன்னேற்றம்' என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அந்தச் சனிக்கிழமை மூத்த தச்சர் முப்பத்தெட்டுத் திருகாணிக்காக முப்பத்தெட்டு முறை வந்தார். முப்பத்தெட்டாவது முறை போனபோது மணி ஐந்தாகிவிட்டது. அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மறந்து வீட்டுக்குப் போனார். கேட்டில் பட்டைகளை எண்ணி வாங்க வேண்டிய வாட்ச்மேன் பாக்கி முந்நூறு அடிக்காகக் கேட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஞாயிறு லீவு. கதவுக்கு லீவு இல்லை.

திங்கட்கிழமை ஒலிபெருக்கியில் அடியளந்தாரின் குரல் தழுதழுத்தது. "ஞாயித்துக்கிழமை! நாம எல்லாரும் வீட்டுல கால நீட்டிப் படுத்திருந்தோம். ஒரே ஒருத்தர் மட்டும் இங்க நடந்திருக்கார். நாற்பத்து மூவாயிரத்து இருநூறு அடி! ஒரு நிமிஷம் நிக்கல. தண்ணி குடிக்கல. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் ரெண்டே செகண்டு, கூடல, குறையல. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒரு லயத்தைப் பார்த்ததில்ல!"

பிறகு மைக்கை முதலாளி வாங்கினார். "பதினேழாம் நம்பர் யாராயிருந்தாலும் சரி, இந்த நிமிஷத்துலருந்து அவங்கதான் உற்பத்தி மேனேஜர். இது என் வாக்கு."

ஸ்டோர்ஸில் அக்கா கம்பைக் கையில் எடுத்தார். அதற்குள் இருவரும் ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள்.

"பதிவேட்டைப் பாரும்மா. பதினேழு யாருகிட்ட இருக்கு?" என்றார் முதலாளி.

தன் பெயரைச் சொன்னால் மேனேஜர் ஆகலாம். ஆனால் பிறகு எல்லார் கண்முன்னால் தினமும் நாற்பதாயிரம் அடி நடந்து காட்ட வேண்டும். வேறு யார் பெயரையாவது சொன்னால் அந்த ஆளின் கால் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா ஒரு பொய் வரவும் எழுதியதில்லை, ஒரு பொய்ச் செலவும் எழுதியதில்லை.

"கதவுகிட்டங்க" என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

டடக். பட்டை ஆடியது. டப். பட்டை நின்றது.

"யாரு மாட்டினது?"

"நான்தாங்க."

"ஏன்?"

"அது நடக்குதுங்க. நான் நடக்கலைங்க."

முதலாளி அடியளந்தாரைப் பார்த்தார். அடியளந்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டை எதைக் கட்டினாலும் எண்ணும் என்று ஒத்துக்கொண்டால், இருபது வருஷமாக அளந்த அளவெல்லாம் என்ன ஆவது? கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், அளவு தப்பாகாது. நம்ம பார்வைதான் குறுகினது. மேனேஜர்னா மனுஷனாத்தான் இருக்கணும்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல."

முதலாளியின் வாக்கு வெளியே போய்விட்டது. பன்னிரண்டு ஐம்பதுக்குள் கதவின்மேல் 'உற்பத்தி மேலாளர்' என்று பலகை அடித்தாகிவிட்டது.

"சரி, பதினேழு இப்ப மேனேஜரோட நம்பர்" என்று அடியளந்தார் அக்கா பக்கம் திரும்பினார். "உங்க நம்பர் என்ன மேடம்?"

"இல்லைங்க."

"நம்பர் இல்லாதவங்க தொழிலாளியே இல்ல. நாற்காலியும் லாரியில போகணும், நீங்களும் போகணும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. மேனேஜர் முன்னாடி விசாரணை வெச்சு முடிவு பண்ணிடலாம். எப்ப வெச்சுக்கலாம்?"

அக்கா பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "வியாழக்கிழமை மூணு மணிக்கு வெச்சுக்கலாங்க" என்றார்.

மேனேஜராகக் கதவு எப்படி என்று கேட்டால், வந்துபோன மேனேஜர்களில் அதுதான் உருப்படியானது என்று தொழிற்சாலையில் இப்போதும் சொல்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு முடிவுக்கு மூன்று நாள் ஆகும். இப்போது இரண்டு விநாடி. ஃபோர்மேன் விதியை வகுத்தார்: கேள்வியைக் கேட்டு முடிக்கும்போது கதவு திறந்திருந்தால் சரி, மூடியிருந்தால் இல்லை. கையெழுத்துக்கும் வழி பிறந்தது. தாளைக் கதவிடுக்கில் நீட்டினால் ஒரு மடிப்பு விழும்; மடிப்பு விழுந்த தாள் ஒப்புதலான தாள்.

தாளம் பிடிபட மூத்த தச்சருக்குப் பத்து நிமிஷம் ஆனது. கதவு முன்னால் போய் நின்றார். தலையை ஆட்டி எண்ணினார்.

"ஐயா, முதுகு வலி. நாற்காலி வேணும்."

டடக்.

"ஒத்துக்கிட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார். அக்கா பற்றுச்சீட்டு எழுதி நாற்காலியைக் கொடுத்தார். பின்னாலேயே வரிசை கிளம்பியது. சுருக்கமாகப் பேசத் தெரிந்தவன் எல்லாம் காரியத்தைச் சாதித்துக்கொண்டான். "திருகாணியை மொத்தமா வாங்கிக்கலாமா?" டடக். "பசை காயறப்போ உக்காரலாமா?" டடக். புதன் சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு நாற்காலிகள் ஸ்டோர்ஸை விட்டு வெளியேறின. அன்று செய்த கதவு அறுபத்து நாலு.

தோற்றவர் ஒருவர்தான். "நிறுவனத்தோட நீண்டகால வளர்ச்சியைக் கருத்துல வெச்சு, அதே சமயம் தனிமனித மேம்பாட்டையும் விட்டுடாம..." என்று அடியளந்தார் தொடங்கினால், முடிப்பதற்குள் கதவு பதினோரு முறை திறந்து மூடிவிடும். எது எதற்குப் பதில் என்று யாருக்கும் தெரியாது. ஃபோர்மேன் அனுதாபத்தோடு சொன்னார்: "மேனேஜர் பிஸியா இருக்கார் சார், சுருக்கமா சொல்லுங்க."

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நடைவழியில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நின்றவர் அடியளந்தார் ஒருவர்தான். கூட்டத்தின் ஓரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் ஒருவர் நிற்பதை அக்கா ஜன்னல் வழியே பார்த்தார். கணவர்.

"யாருய்யா நீங்க?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

"தபால்."

ஃபோர்மேன் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அடியளந்தார் இந்தமுறை ஒத்திகை பார்த்து வந்திருந்தார். 'ஸ்டோர்ஸ் அம்மாவுக்கு நாற்காலி உண்டா?' இவ்வளவுதான் கேள்வி, கதவு மூடும் கணத்தில் முடிய வேண்டும். விரல் விட்டு எண்ணி, மூச்சை இழுத்தார். ஆனால் பழக்கம் விடுமா?

"ஸ்டோர்ஸ் அம்மாவுக்கு, அதாவது கடந்த இருபத்திரண்டு வருஷமா இந்த நிறுவனத்தோட அசைவுகள்ல எந்தப் பங்களிப்பும் செய்யாம, ஒரே இடத்துல, ஒரே நிலையில..."

டடக். டப். டடக். டப். ஸ்டோர்ஸ் சுவரில் கடிகாரம் மூன்று பத்தைத் தாண்டியது. அக்காவின் கை தகரச் சரிவின் மேல்முனையில் ஒரு பொட்டலத்தின்மேல் இருந்தது.

"...இருந்துகொண்டே, மற்றவர்களுக்கும் ஒரு தவறான முன்னுதாரணமா..."

டடக். க்றீ... ச்.

கீழ்க் கீல் விட்டுவிட்டது. கதவு ஒரு பக்கம் தொங்கி, பாதி திறந்து பாதி மூடி நின்றது. மோட்டார் தானாக அணைந்தது. அந்த நடைவழியில் அப்படி ஒரு நிசப்தம் வந்தது. முதலாளியின் கைக்கடிகாரம்கூடக் கேட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்? சரியா, இல்லையா?" என்றார் முதலாளி.

"கொள்கையளவில் இல்லைன்னு..." என்று தொடங்கினார் அடியளந்தார்.

"மேனேஜருக்கு உடம்பு சரியில்ல" என்றார் மூத்த தச்சர்.

சோதனைக்காரர் எழுந்து வழக்கம்போல ஜன்னலை நோக்கி நடந்தார். மூன்றாவது அடி வைப்பதற்குள் சர்ர்ரென்று சரிவில் பொட்டலம் இறங்கி ஜன்னல் பலகையில் நின்றது. பிரித்தார்கள். நாலாம் நம்பர்க் கீல், ஆறு திருகாணி, சிறு குப்பியில் எண்ணெய், துருவைத் தேய்க்க உள்ளங்கை அகல உப்புத்தாள்.

அடியளந்தார் தன்னையறியாமல் கைப்பட்டையில் நேரம் பார்த்திருந்தார். சோதனைக்காரர் எழுந்ததிலிருந்து ஏழு விநாடி.

"இதை எப்ப எடுத்து வெச்சீங்க?"

"நேத்து சாயங்காலங்க."

"கீல் விட்டதே இப்பத்தானே! நேத்தே எப்படி..."

"வியாழக்கிழமைதானுங்களே" என்று அக்கா பதிவேட்டை ஜன்னல் வழியே நீட்டினார்.

முதலாளி வாங்கிப் புரட்டினார். பதினாலு நாளுக்கு ஒரு வியாழன். மூன்று ஏழு, மூன்று பத்து, மூன்று ஒன்பது. எட்டு வருஷம் முழுவதும் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் கீல் விடுவதற்கு முதல்நாள் தேதியில் பொட்டலம் கட்டப்பட்டிருந்தது.

"ஓட்டக்காரர் இருந்திருந்தா?" என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார்.

"வலது கோடிக்கு ஓடியிருப்பாருங்க. அங்க கீல் இருக்காது. இடது கோடிக்கு ஓடுவாரு. நாங்க எல்லாரும் கைதட்டியிருப்போம்" என்றார் மூத்த தச்சர்.

புதுக் கீலைப் பூட்ட ஆறு நிமிஷம் ஆனது. கதவை நிமிர்த்தி மோட்டார் கையை மாட்டிவிட்டு, சோதனைக்காரர் சுவிட்சில் விரலை வைத்தார். அடியளந்தார் விட்ட இடத்திலிருந்து தொடங்க வாயைத் திறந்தார்.

"நீங்க இருங்க" என்றார் முதலாளி. கதவைப் பார்த்துச் சுருக்கமாகக் கேட்டார். "நாற்காலியும் வேலையும் அவங்களுக்கே. சரியா?"

சோதனைக்காரரின் விரல் கேள்வி முடியும் வரை காத்திருந்தது. பிறகு சுவிட்சைத் தட்டினார். நின்ற கதவு கிளம்பினால் முதல் வேலை திறப்பதுதான் என்பது அந்தத் தொழிற்சாலையில் அவருக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

டடக்.

"சரியாம்" என்றார் சோதனைக்காரர். எட்டு வருஷத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. குரல் இப்படித்தான் இருக்குமா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்தது. அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொப்புளம் ஆறி மறுவாரம் திரும்பி வந்த பழைய மேனேஜருக்கு, மேனேஜரின் கீழ் உதவி மேனேஜர் வேலை காத்திருந்தது. முதலாளியின் வாக்கு வாக்குதானே.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. அடியளந்தார். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். அவருடைய பட்டை அன்றைக்குப் பதினாறாயிரம் காட்டியது.

"மேடம், ஒரு விஷயம்... மூணு வாரமா... இந்தக் குதிகால்..."

அக்கா கம்பை எடுத்தார். கொக்கியில் மாட்டி இழுத்ததில், தன்னுடையதைத் தவிர ஸ்டோர்ஸில் மிஞ்சியிருந்த ஒரே நாற்காலி, அடியளந்தார் முதல் ஆளாகக் கொண்டுவந்து ஒப்படைத்தது, ஜன்னலை ஒட்டிய வாசல் வரை வந்து நின்றது. கூடவே பற்றுச்சீட்டையும் நீட்டினார். பொருள்: நாற்காலி, ஒன்று. காரணம்: குதிகால் வலி. எல்லாம் எழுதி வைத்திருந்தது. தேதி மட்டும் காலியாக இருந்தது.

அடியளந்தார் தேதியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா எழுந்தார். கேட்டில் கணவர் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பஸ் வர்ற நேரம்தான்" என்றார் கணவர்.

"நடந்தே போலாமே" என்றார் அக்கா. "வேலைதான் முடிஞ்சுதே."